ஏழாம் நம்பர் கார்டு

"கார்டும் கெட்டுப்போச்சு, காப்பியும் அழிஞ்சுபோச்சு. ரெண்டும் எப்படிண்ணே ஒரே நாள்ல போகும்?"

சிவரஞ்சனி கேட்கக் கேட்கக் கண்ணுச்சாமி தரையைப் பார்த்தபடி நின்றார்.

செண்பகத்தோப்புக் காட்டில் மரத்துக்கு மரம் கேமரா கட்டி மிருகங்களைக் கணக்கெடுக்கிறது ஒரு கல்லூரி. அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கண்ணுச்சாமி போய் மெமரி கார்டுகளைக் கழற்றி வருவார்.

காட்டு ஈரத்தில் கார்டு எப்போது காலை வாரும் என்று யார் கண்டது? அதனால் படங்களுக்குப் பொறுப்பான சிவரஞ்சனி சட்டம் போட்டிருந்தாள். கேமராவை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் கார்டைத் தொட வேண்டும்; இல்லாவிட்டால் கார்டு கெட்டுவிடும். கழற்றிய இடத்திலேயே போனில் ஒரு காப்பி எடுத்துவிட வேண்டும்.

மூன்று வருஷத்தில் ஒரு படம்கூடப் போனதில்லை. இன்று ஏழாம் நம்பர் கார்டு திறக்கவே மாட்டேன் என்கிறது.

அதுவும் எந்தக் கார்டு? நேற்று அந்தக் கேமராவுக்குப் பக்கத்தில்தான் ஒரு மிளா மான் கண்ணியில் மாட்டிச் செத்துக் கிடந்தது. கண்ணி வைத்தவன் முகம் அதில் இருக்கும் என்று எல்லோரும் காலையிலிருந்து காத்துக் கிடந்தார்கள்.

"மறந்தாப்ல ஆன்ல இருக்கும்போதே உருவிட்டேன் தாயி."

"மூணு வருசமா மறக்காதது இன்னிக்குத்தான் மறந்துச்சாக்கும்! போன்ல எடுத்த காப்பி?"

"கை பட்டு அழிஞ்சுபோச்சு."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கீகளே!"

ராஜபாளையத்திலிருந்து விழுந்தடித்து வந்திருந்த பாண்டிதுரைதான் இந்த ஆராய்ச்சிக்குத் தலைவர். மேஜையை ஓங்கித் தட்டினார்.

"யோவ், வேட்டைக்காரன்கிட்ட எம்புட்டுய்யா வாங்குன?"

"அந்தச் சோலிக்கு நான் போனதில்ல சார்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

'கண்ணுச்சாமிண்ணனை நம்பி எந்தக் காட்டுக்குள்ளயும் போவேன்' என்று வீட்டில் அப்பாவிடம் சண்டை போட்டு இந்த வேலைக்கு வந்தவள் சிவரஞ்சனி. அந்த மனுஷன் காலையிலிருந்து அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்?

"இவருகிட்ட இனி என்ன பேச்சு சார்? கெட்ட கார்டுல இருந்து படத்தை மீட்கிறதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு. டிவியில போடுறேன், எல்லாரும் பாருங்க. யாரு எவருன்னு தெரிஞ்சுபோகும்."

கண்ணுச்சாமி சட்டென்று நிமிர்ந்தார். "வேண்டாம் தாயி!"

"ஏன் வேண்டாம்?"

அவர் மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

உதவியாளன் ராம்கி லேப்டாப்பை டிவியோடு இணைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

பத்து சதவீதம். இருபது. ஒரு காட்டுப்பன்றி வந்தது. பிறகு இரண்டு மந்தி. ஒரு கரடியின் முதுகு. நாற்பது.

"நிறுத்துங்க சார்!" கண்ணுச்சாமி கத்தியே விட்டார். "வாங்குனேன் சார், காசு வாங்குனேன். வேணும்னேதான் கார்டைக் கெடுத்தேன். போலீஸ்ல பிடிச்சுக் குடுங்க, கம்பி எண்ணுதேன். அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க!"



"சீ!" என்றாள் சிவரஞ்சனி. "உங்களைப் போயி வாய் நிறைய அண்ணேன்னு கூப்பிட்டேனே!"

அவர் கண் கலங்கியது. அப்போதும் அவளைப் பார்க்கவில்லை.

"ராம்கி, இந்த ஆளை வாசலுக்குக் கூட்டிட்டு வா. வனத்துறைக்குப் போன் போடுவோம்." பாண்டிதுரை எழுந்தார். "நீ ஓட விடும்மா. கூட்டாளி முகமும் வேணும்."

மூவரும் வெளியே போனார்கள். சிவரஞ்சனி மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஐம்பது. ஐம்பத்தைந்து. ஓடைக்கரைப் பாறை தெரிந்தது. பாறை ஓரமாக ஒரு மனித உருவம்.

'மாட்டுனியாடா!' அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள்.

அடுத்த படம் தெளிவாக இருந்தது. அதற்கடுத்த படம் இன்னும் தெளிவாக.

அவள் கை தானாக நீண்டு டிவி வயரைப் பிடுங்கியது.

போன வாரம் பேட்டரி மாற்றப் போன இடத்தில் ஓடையில் வழுக்கி விழுந்து தொப்பலாக நனைந்திருந்தாள். கூட வந்த கண்ணுச்சாமியும் ராம்கியும் மேட்டுக்கு அப்பால் நின்றார்கள். யாருமில்லை என்று பாறை மறைவில் நின்று உடை மாற்றினாள். அன்றைக்குக் காலையில்தான் ராம்கி கேமராவை அந்தப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாது.

காப்பி எடுக்கும்போது அந்தப் படங்களைப் பார்த்தது கண்ணுச்சாமி ஒருவர்தான்.

வாசலில் பாண்டிதுரையின் குரல் கேட்டது. "ஆமா சார், அவனே ஒத்துக்கிட்டான். சீக்கிரம் ஆளை அனுப்புங்க."

பேசாமல் இருந்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நிமிஷம்கூட அவளால் அப்படி இருக்க முடியவில்லை. கார்டை உருவிக் கைக்குள் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"போனை வைங்க சார்! அண்ணன் அஞ்சு பைசா வாங்கல. துணி மாத்துறப்போ நான் பதிஞ்சிருக்கேன் சார் அந்தக் கேமராவுல. எம் மானம் போகக்கூடாதுன்னுதான் இந்த மனுசன் திருட்டுப் பட்டம் கட்டிக்கிட்டு நிக்காரு!"