நிற்க இடமில்லாத ரயில்

இந்தச் சித்திரையிலும் கஸ்தூரி தன் அண்ணனுக்காக முறுக்கு சுட்டு டின்னில் அடைத்துவிட்டாள்.

அவள் கணவன் ராமகிருஷ்ணன் திருவண்ணாமலை ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். இலவச பாஸ் உண்டு. ஆனால் அண்ணன் இருக்கும் நாகப்பட்டினத்துக்குப் போகிற கோடை ஸ்பெஷலில்தான் வருஷா வருஷம் இடம் கிடைப்பதில்லை.

"ஜன்னல்ல தொங்கிக்கினு போறாங்க கஸ்தூரி. பொம்பளை ஏற முடியுமா?" என்பான். கடலைப் பார்க்காமலே அவளுக்குக் கோடை கழியும். முறுக்கை அவனே தின்று தீர்ப்பான்.

இன்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

"இனிமே கேக்கவே வேணாம். அந்த ஸ்பெஷலையே நிறுத்திட்டாங்க."

"ஐயோ, ஏங்க?"

அவன் டின்னைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்தான். "போன வருஷமே பேச்சுதான். காலிப் பெட்டிய இழுக்கறதுக்குக் கரி எதுக்குன்னு..."

கடித்த முறுக்கு வாயிலேயே நின்றது.

கல்யாணப் பந்தியில் அண்ணன் சரியாக உபசரிக்கவில்லை என்ற அவன் கோபம் என்றோ ஆறிவிட்டதாக அவள் நினைத்திருந்தாள்.

கஸ்தூரி டின்னை வாங்கி இறுக மூடினாள்.

"காலைல பஸ்ல போறோம். முன்னாடியே போய்த் துண்டு போட்டு எனக்கு சீட்டு புடிங்க. நீங்க தொங்கிக்கினு வாங்க."