சுவரில் ஏறும் வாசனை

"படிக்கப் போன பொண்ணுக்கு ஒரு ரூம்கூடவா கிடைக்கல?" சேலையூரில் தன் வீட்டு வாசலில் நின்றபடி சுந்தரவல்லி போனில் கொதித்தாள்.

மகள் ஸ்நேகா இந்த வாரம்தான் இங்கிலாந்தில் ஒரு கடலோர ஊருக்குப் போய் இறங்கியிருந்தாள்.

"எல்லாரும் சிரிச்ச முகமாத்தான் பேசறாங்கம்மா. நானே சமைச்சுக்குவேன்னு சொன்னாத்தான் முகம் மாறுது. ஒரு லேடி, 'உன்னைப் பார்த்தா நல்ல பொண்ணாத்தான் இருக்கே, ஆனா உங்க சமையல் வாசனை சுவர்ல ஏறிட்டா போகாது'ன்னுட்டாங்க."

"சாம்பார் வாசனைக்குச் சுவர் இடிஞ்சா விழுந்துடும்? ஊர் விட்டு ஊர் படிக்க வந்த குழந்தைகிட்ட பேசற பேச்சா இது? மனுஷங்களா அவங்க? இரு, கேட் பக்கத்துல யாரோ நிக்கறாங்க. வெச்சுடாதே."

வெளியே தோளில் பையோடு ஓர் இளம்பெண்.

"ஆன்ட்டி, மாடி வாடகைக்குன்னு போர்டு பார்த்தேன். தாம்பரத்துல காலேஜ் சேர்ந்திருக்கேன். எங்க ஊர் கோவளம். அப்பா கடலுக்குப் போறவரு."

சுந்தரவல்லி கனிவாகச் சிரித்தாள்.

"உன்னைப் பார்த்தா நல்ல பொண்ணாத்தான் இருக்கே. ஆனா மீன் வாசனை சுவர்ல ஏறிட்டா போகாதும்மா."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, கேம்ப் ரோடு பக்கம் நடந்தாள்.

சுந்தரவல்லி போனை மறுபடி காதில் வைத்தாள். விட்ட இடத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"ம், சொல்லுடி. அந்தப் பொம்பளை வேற என்ன சொன்னா?"



"நீ இப்ப சொன்னியே, அதைத்தாம்மா."