கூட்டத்துக்கு நேரமாச்சு

“யூனியன் ஆபீஸ் சாவியக் குடுப்பா,” என்றாள் தேவிப்ரியா.

“அத மட்டும் கேக்காதன்னு சொல்லிக்கீறேன்ல? உங்க தாத்தா உக்காந்த சேர்மன் சீட்டு. இப்ப ஊரே என்னத்தான் சேர்மன்னு கூப்புடுது. டிகிரி வாங்கிட்டா நீ சேர்மனா?” என்றார் அய்யப்பன்.

“எனக்கில்லப்பா. பொம்பளைங்களுக்கு ஒதுக்கின சீட்டுன்னு அம்மாவ நிக்க வச்ச. ஜெயிச்சது அம்மா. நாலு வருஷமா நீ நீட்டுற தாள்ல கையெழுத்து மட்டும் போட்டுகினு கீது. இன்னிக்குக் கூட்டத்துல அம்மாதான் உக்காரணும்.”

“அங்க பேச அவளுக்கு இன்னா தெரியும்?”

“மலையில எந்தெந்த ஊருக்குக் கள்ளக்குறிச்சி பஸ் வரலன்னு தெரியும்,” என்றபடி பட்டுப்புடவையில் வந்து நின்றாள் பூமாலை. “சோறு வடிச்சி வச்சிட்டேன். வேளைக்குச் சாப்புடுங்க.”

அய்யப்பன் மனைவியையே பார்த்தார். பிறகு சாவியை நீட்டினார். “மைக்கக் கிட்ட வச்சிப் பேசு, பூமால. உனக்குச் சின்னக் குரலு.”

தலையாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள் சேர்மன்.