தாளத்துக்கு இடமில்லை

"கடையில காசு போட்டு ஆடுற பெரிய வீடியோ கேம் மெஷின்ல டிரம் எப்படி அதிருது! அதே பாட்டை நீ வீட்டு டிவிக்கு மாத்தினது உப்புச் சப்பில்லாம இருக்கேம்மா!" என்று எகிறினார் மேனேஜர்.

"சார், வீட்டு டிவியில மாட்டுற கேம் பெட்டியில ஒரே நேரத்துல ரெண்டு சத்தம்தான் வரும். ஒண்ணு பாட்டுக்கு, இன்னொண்ணு துப்பாக்கிக்கு. டிரம்முக்கு இடமே இல்ல," என்றாள் வீடியோ கேமுக்கு இசையமைத்தவள்.

"சாக்குப்போக்கு வேண்டாம். நாளைக்கு டிரம் கேட்கலைன்னா கேம் வெளியே போகாது!"

மறுநாள் அவளே கேமை ஓட்டி ஆடிக் காட்டினாள். மேனேஜர் மேஜை முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவது கட்டத்திலேயே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடி தூள்! டிரம் என்னமா தூக்குது!" என்றவர், கண்ணைத் திறந்து அனுமதிப் படிவத்தில் கையெழுத்தே போட்டுவிட்டார். "எங்கேம்மா இடம் பிடிச்சே?"

"நான் டிரம்மே போடல சார். அடி விழ வேண்டிய இடத்துல எல்லாம் பாட்டைக் கொஞ்சம் நிறுத்தி, காலியா விட்டேன். அவ்வளவுதான்."

"அப்போ நான் கேட்டது?"

அவள் சிரித்துக்கொண்டே ஆட்டத்தை நிறுத்தினாள். பாட்டும் துப்பாக்கியும் சட்டென்று அடங்கின.

டிரம் மட்டும் நிற்கவில்லை. மேஜைக்கு அடியில், மரப்பலகை மேல், மேனேஜரின் ஷூ அதிர அதிரத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.