தெருவைப் பார்த்த அறை

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

ஹாலில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் லிவிங்ஸ்டன் கேட்டது காதில் விழுந்தது.

"மேடம் என்ன பண்றாங்க சார்?"

"வீட்லதான் இருக்கா," என்றான் அவள் கணவன் தனபால்.

ஏஜென்ட் டேப்லெட்டில் எதையோ தட்டினார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மடியில் பாதி தைத்த ஜாக்கெட் கை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரமாக வீட்டில் இந்த இன்சூரன்ஸ் பேச்சுதான். கட்டடத்துக்கு மட்டும் போடுவதா, சாமானுக்கும் சேர்த்தா. வெள்ளத்துக்கு உண்டா, திருட்டுக்கு உண்டா. தனபால் ஒரு நோட்டு வாங்கிப் பட்டியல் எழுதினான். டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா, கட்டில். இரண்டு ஹெல்மெட்கூட இருந்தது.

தையல் மெஷின் இல்லை.

அவள் சொன்ன பிறகு ஓரத்தில் நெருக்கி எழுதினான். தையல் மெஷின், ஒன்று.

மெஷின் மூன்று.

"ரூம் ரூமா போட்டோ எடுக்கணும் சார்."

ஹால் முடிந்தது. சமையலறை, படுக்கையறை முடிந்தது. அவள் இருந்த அறைக்கு வந்த லிவிங்ஸ்டன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

மூன்று மெஷின். துணி வெட்டும் மேஜை. சுவரோரக் கம்பியில் வரிசையாக ஜாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் குண்டூசியில் பெயர்ச்சீட்டு. தரையில் பைகள். தெருப் பக்கம் தனியாக ஒரு கதவு.

"இது என்ன சார்?"

"சும்மா. அக்கம்பக்கத்துக்குத் தைச்சுக் குடுப்பா."

ஏஜென்ட் கழுத்தைச் சொறிந்தார். "தொழில்னு தெரிஞ்சா வீட்டு பாலிசில சிக்கல் சார். ஒண்ணு பண்ணுங்க. ஒரு பெட்ஷீட் போட்டு மூடிடுங்க. நான் இந்தப் பக்கமா நின்னு எடுத்துக்கறேன்."

தனபால் பெட்ஷீட் எடுக்கப் போனான்.

"இந்தத் துணியெல்லாம் தண்ணில போச்சுன்னா?" என்று அவள் கேட்டாள்.

லிவிங்ஸ்டன் முதல்முறையாக அவளைப் பார்த்தார்.

"அது உங்க பொருள் இல்லையே மேடம். அடுத்தவங்க பொருளு வீட்டு பாலிசில வராது."

"மெஷினு?"

"தொழிலுக்கு யூஸ் பண்ணா அதுவும் கஷ்டம்தான்."

"அப்போ எதுக்குத்தான் வரும்?"

"டிவி, ஃப்ரிட்ஜ்..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

போன வெள்ளத்தில் முடிச்சூரில் இந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது தனபால் டிவியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான். அவள் துணிப்பைகளைப் பரணில் திணித்தாள். பரண் கொள்ளவில்லை. மிச்சம் முப்பத்தொரு பை சேற்றில் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஒரு பை, ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கென்று கொடுத்தது. அந்தப் பெண்ணின் அம்மா திட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவுதான்.

திட்டியிருக்கலாம்.

தனபால் பெட்ஷீட்டை உதறி, ஒரு முனையை அவளிடம் நீட்டினான்.

"பிடி."

அவள் பிடிக்கவில்லை.

"அடுத்தவங்க துணிக்கும் சேர்த்து எந்த பாலிசில வரும்?" என்றாள் ஏஜென்ட்டிடம்.

"கடை பாலிசில கேட்டு சேத்துக்கலாம் மேடம். ஆனா இது கடை இல்லையே."

"கடைதான்."

"கடையா?" என்றான் தனபால். "போர்டு மாட்டி வெச்சிருக்கியா நீ? கடைன்னு எழுதினா கரண்ட் பில்லுலேந்து எல்லாம் மாறும். தெரியுமா? நாமளே போய் வாயக் குடுக்கணுமா? எல்லாரும் இப்படித்தான் போடறாங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தப்பாகச் சொன்னால் சண்டை போடலாம்.

"பதினோரு வருஷமாத் தைக்கறேன்," என்றாள். "முப்பத்தொரு வீட்டு வாசல்ல நான்தான் போய் நின்னேன். நீங்க ஒரு வீட்டுக்கும் வரல."

பெட்ஷீட் அவன் கையில் தொங்கியது.

வெளியே குடிதண்ணீர் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று.

அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஜாக்கெட் கையை ஊசிக்கு அடியில் வைத்து அழுத்தினாள். மெஷின் ஓடியது.

லிவிங்ஸ்டன் போனைத் தூக்கினார். "மேடம், கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா..."

"இப்படியே எடுங்க."

அவர் தனபாலைப் பார்த்தார். தனபால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏஜென்ட் இரண்டு போட்டோ எடுத்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டேப்லெட்டில் முதலில் நிரப்பியதை அழித்தார்.

"வீட்டுக்குத் தனியா ஒண்ணு. ஒரு ரூம்ல கடை இருக்குன்னு அதுல சொல்லிடலாம். இந்த ரூமுக்குக் கடை பாலிசி. துணி விஷயத்த ஆபீஸ்ல கேட்டு எழுத்துல வாங்கித் தரேன் மேடம். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடறேன்."

"சொல்லுங்க."

அவர் புதிய படிவம் ஒன்றைத் திறந்தார். முதல் கட்டத்திலேயே விரல் நின்றது.

"கடைப் பேரு மேடம்?"

அவள் மெஷினை நிறுத்தினாள்.

அப்படி ஒன்று இல்லை. யாரும் கேட்டதில்லை. அவளும் யோசித்ததில்லை.

ஏஜென்ட் காத்திருந்தார். தனபால் பெட்ஷீட்டை நாலாக மடித்து மேஜைமேல் வைத்தான். தொண்டையைச் செருமினான்.

"நம்ம பொண்ணு பேரையே..." என்று ஆரம்பித்தான்.

"இருங்க," என்றாள் அவள்.