குதிரைக்கு ஏற்ற வீடு

விடிந்தால் ஸலாஹுதீனும் மனைவி றைஸாவும் உம்ராவுக்கு மக்கா பயணம். மகள் ஷம்லா சாச்சி வீட்டில் நிற்பாள். கண்டக்குழி கடற்கரையில் உல்லாசப் பயணிகளைச் சுமந்து ஓய்ந்துபோன கிழட்டுக் குதிரை எங்கே நிற்பது என்பதுதான் முடிவாகவில்லை. பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஆள் அன்று காலையில் கையை விரித்துவிட்டார்.

ஸலாஹுதீன் குதிரையையும் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். மச்சான் வீடு சரிவரவில்லை. மச்சான் சும்மா கதைத்தாலே சண்டை பிடிப்பது போலிருக்கும், குதிரை மிரண்டுவிடும். அடுத்துப் போன விடுதிக்காரர் முதலில் கேட்டதே, "இன்னும் ஆள் ஏத்துமா?" என்றுதான்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு குதிரையில்லாமல், முகமெல்லாம் சிரிப்பாக வந்து சேர்ந்தார்.

"கிடைச்சிட்டுது றைஸா! கருவாடு காயவைக்கிற வாடி ஹுனைஸ்ட வீடு. பல்லு தேஞ்சிருக்கு எண்டு அவனாவே பாத்து, தவிட்டத் தண்ணியில குழைச்சுக் குடுத்தான். என்னா பொறுமை! உம்மாவோட கதைக்கிறதும் அவ்வளவு மரியாதை. அந்த வீட்டுக்குப் போற எந்தச் சீவனும் குடுத்து வச்சதுதான்."

பயணப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த றைஸா நிமிர்ந்தாள்.

"போன மாசம் நம்மட ஷம்லாவக் கேட்டு வந்தாங்களே, அதே ஹுனைஸ்தானே?"

"ஓம்..." என்றார் ஸலாஹுதீன். சிரிப்பு பாதியில் நின்றது.

"குதிரைக்கு மூணு இடம் ஏறி இறங்கிப் பாத்தீங்க. பெத்த மகளுக்கு எண்டப்போ, கருவாடு மணக்கும் எண்டு அந்த வாசலக்கூட மிதிக்காமத் திருப்பி அனுப்பினீங்களே!"