குடும்பத்தோடு பார்க்கலாம்

"மறுபடியும் அடிபட்டு வந்து படுத்திருந்தான்மா என் பிள்ளை. எல்லாம் உங்க நிகழ்ச்சியாலதான்" என்றது தொலைபேசியில் அந்த அம்மாளின் குரல். "அந்த நாற்காலியால அடிக்கிறதை எப்பத்தான் நிறுத்தப்போறீங்க?"

இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். மல்யுத்த நிகழ்ச்சியை மாலை நேரத்துக்கு மாற்றியதிலிருந்து இந்த அம்மாள் வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள்.

"எங்கம்மா அடி?"

"கழுத்துல. ராத்திரி பூரா முனகுறான். கேட்டா ஒண்ணுமில்லேங்கிறான்."

"வீட்ல யாரும் இப்படிச் செஞ்சு பாக்காதீங்கன்னு நாங்கதான் போடுறோமே. நீங்க டிவியை அணைச்சு வெச்சா என்னம்மா?"

"அணைச்சுத்தான் வெச்சிருக்கேன். அதனால அவன் அடங்கிட்டானா?"

"பையனுக்கு என்ன வயசு?"

"வயசைக் கேட்டு என்ன பண்ணப்போறே? இன்னைக்கு நேர்லயே வந்து பேசுறேன்." வைத்துவிட்டாள்.

இயக்குநருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. விளம்பரம் தருகிற பிஸ்கட் கம்பெனிக்குக் குழந்தைகள் வேண்டும். அரங்கத்துக்கு வருகிற பெரியவர்களுக்கோ எலும்பு நொறுங்குகிற சத்தம் வேண்டும்.

ரத்தத்தை நிறுத்தினாள், கெட்ட வார்த்தையை நிறுத்தினாள். பேருக்கு ஒரே ஒரு நாற்காலி அடியை மட்டும் விட்டுவைத்தாள். போன வாரம் அரங்கமே எழுந்து நின்று, "பால் புட்டி! பால் புட்டி!" என்று கேலியாகக் கத்தியது. இத்தனைக்கும் அவளுடைய சொந்த மகளுக்கு அம்மாவின் நிகழ்ச்சியைப் பார்க்க இன்னும் அனுமதி கிடையாது.

சேனல் தலைவர் காலையிலேயே சொல்லிவிட்டார். "இன்னைக்குக் கூட்டம் வாயைப் பிளக்கணும். ஆனா ஒரு தாய்கூடப் புகார் சொல்லக்கூடாது. முடியலேன்னா சொல்லு, வேற ஆளைப் பாத்துக்கிறோம்."

கதவைத் தட்டிவிட்டு எரிமலை வந்தான். மேடையில் சிவப்புச் சாயம் பூசிய முகத்தோடு உறுமுகிற வில்லன். கீழே இறங்கிவிட்டால் பரம சாது. கழுத்தில் துண்டோடு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான்.

"மேடம், ஒரு யோசனை. ஏணி உச்சியில இருந்து குதிச்சிடறேன். ரத்தம் இல்ல, கெட்ட வார்த்தை இல்ல. சின்னப் பிள்ளைங்களுக்கு அது சர்க்கஸ். பெரியவங்களுக்கு நெஞ்சே நின்னுடும்."

அவள் அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். இரண்டு பக்கத்து வாயையும் அடைக்கிற வழி இது ஒன்றுதான் என்று தோன்றியது.

"உனக்கு அடிபட்டா?"

"விழறதுக்குத்தானே மேடம் சம்பளம் வாங்குறேன்? எனக்கா விழத் தெரியாது?"

"உன்னைப் பாத்து ஏதோ ஒரு வீட்ல ஒரு பையன் அலமாரி மேலருந்து குதிச்சான்னா?"

எரிமலை சிரித்தான். "அதை அவங்கம்மா பாத்துக்கணும் மேடம்."

தொலைபேசி மறுபடி அலறியது. சேனல் தலைவர்தான். அதை எடுக்காமலே, "சரி, குதி" என்றாள். சொன்ன வாயை உடனே மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் அவன் ஒப்பனை அறைக்குப் போய்விட்டான்.

ஏணியைக் கொண்டுவந்து மேடையோரம் சாய்த்தார்கள். அவளே போய் ஒவ்வொரு படியாக ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. மறுபடியும் முதல் படியிலிருந்து ஆட்டிப் பார்த்தாள். வெளியே கூட்டம் இருக்கைகளைத் தட்ட ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் காவலாளி வந்தார். "வாசல்ல ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க. உங்களைப் பாக்காம போகமாட்டேன்னு அடம் பிடிக்கிறாங்க."

அவள்தான். போயும் போயும் இன்றைக்கா? கோபத்தோடு வருகிற தாயைக் குளிரவைக்க வேண்டும். விற்பனைக்கு வைத்திருந்த பனியன்களில் சின்னதாக ஒன்றை உருவிக்கொண்டு ஓடினாள். அதன் மார்பில் எரிமலை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

வாசலில் நரைத்த தலையோடு ஒரு மெலிந்த அம்மாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கூட எந்தக் குழந்தையும் இல்லை. பேரனைத்தான் பிள்ளை என்கிறாளோ என்று இயக்குநர் நினைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க பையனுக்கு எங்க அன்பளிப்பு. இனிமே இதெல்லாம் செஞ்சு பாக்கக் கூடாதுன்னு நானே அவன்கிட்டச் சொல்றேன்."

அந்த அம்மாள் பனியனை விரித்தாள். சிவப்பு முகத்தை வெகு நேரம் பார்த்தாள்.

"இது அவனுக்குப் பத்தாதும்மா."

"பெரிசு எடுத்துட்டு வரச் சொல்றேன். பையன் எங்கே, வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

உள்ளே மணி அடித்தது. கூட்டம் கூரை அதிரக் கத்தியது.

"அவன் எனக்கு முன்னாடியே வந்துட்டான்மா. நீங்கதான் அவனை எரிமலைங்கிறீங்க."